‘மொன் அமி’ என்றால் ஆணா, பெண்ணா? மகளைக் கேட்டால் சிரிக்கிறாள்

சொதிக்கரண்டி (செவ்வாய், இரவு)

எல்லாருக்கும் வணக்கம். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், வந்து 16 வருடம். கடை, டாக்டர், விசா அலுவலகம் எல்லாவற்றுக்கும் என் பிரெஞ்சு போதும். வீட்டுக்குள்தான் போதவில்லை.

மகளுக்கு 14 வயது. பள்ளியில் ‘நாலாம்’ வகுப்பு (இங்கே மேலே போகப் போக எண் குறையும், ஊரில் சொன்னால் பிள்ளை நாலு வருடம் பெயில் என்று நினைப்பார்கள்). நேற்று தமிழும் பிரெஞ்சும் கலந்து கேட்டாள்: “அம்மா, சனிக்கிழமை மொன் அமி கமீய் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரலாமா?”

வரட்டும். ‘அமி’ என்றால் நண்பர், கமீய் பெயர். ‘என்’ என்பதற்கு நான் படித்தது, ‘மொன்’ ஆண்பால், ‘மா’ பெண்பால். அப்பாவுக்கு ‘மொன் பேர்’, அம்மாவுக்கு ‘மா மேர்’. ஆகவே “பெடியனா?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “நான் அப்படிச் சொன்னேனா?” என்றாள். “அப்போ பெட்டையா?” என்றேன். “அப்படியும் சொல்லவில்லையே. போய் இலக்கணம் படியுங்கோ அம்மா.”

யார் வந்தாலும் சோறு போடத்தான் போகிறேன், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் என் பிள்ளை என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கே விளங்கவில்லை என்பது உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மூக்கொலி (செவ்வாய், இரவு)

அம்மா, உங்கள் மகள் கெட்டிக்காரி. பொய்யே சொல்லவில்லை.

நான் பாண்டிச்சேரியில் முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். முதல் வருட மாணவர்கள் தவறாமல் தடுக்கி விழும் படி இது. ‘மா’ பெண்பால்தான், ஆனால் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ‘மா’ வராது, ‘மொன்’ வந்துவிடும். பள்ளிக்கூடம் (எகோல்) பிரெஞ்சில் பெண்பால், ஆனாலும் ‘மொன் எகோல்’தான். அதுபோலப் பெண் தோழியும் ‘மொன் அமி’.

ஏன் என்றால், ‘மா அமி’ என்று இரண்டு உயிர் முட்டிக்கொள்வது அந்தக் காதுக்கு ஆகாது. நமக்கும் ஆகாது. நாம் நடுவில் ஒரு ‘ய்’யோ ‘வ்’வோ செருகி உடம்படுமெய் என்று பெயர் வைத்தோம். பழைய பிரெஞ்சு வேறு வழி பார்த்தது. ‘மா’வின் உயிரை வெட்டிவிட்டு ‘மமி’ என்று ஒட்டிச் சொன்னார்கள். இடைக்காலம் முடிவதற்குள் அந்த வழக்கம் போய், ஆண்பாலின் ‘மொன்’ஐக் கடன் வாங்கிப் பெண்பாலுக்கும் மாட்டிவிட்டார்கள். பழைய ‘மமி’யை அப்புறம் வந்தவர்கள் தப்பாகப் பிரித்து ‘மா மீ’ என்று எழுதினார்கள். ‘என் கண்ணே’ என்று காதலியைக் கூப்பிடும் பழைய மோஸ்தர்ச் சொல்லாக அது இன்றும் கிடக்கிறது. காதலி என்ற பொருளில் ‘மீ’ என்று தனியாக ஒரு சொல் முதலில் இருந்ததே இல்லை, பிரித்த தவறில் பிறந்தது.

லியோன்_மெஸ் (செவ்வாய், இரவு)

அக்கா, சுலபமான வழி இருக்கு. எழுதச் சொல்லுங்க. ஆண் என்றால் அமி மூன்றே எழுத்து. பெண் என்றால் கடைசியில் ஓர் ‘ஈ’ கூடுதலாக வரும். உச்சரிக்க மாட்டார்கள், எழுத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

வெள்ளாவி (செவ்வாய், இரவு)

ஊமை ஈ என்று சொல்லுங்கள். பலகாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், பறக்காது, ரீங்காரமும் கிடையாது.

சொதிக்கரண்டி (புதன், காலை)

அந்த ஈயையும் தேடினேன். அவள் எனக்கு அனுப்பிய செய்தியில் ஈ இல்லாமல்தான் ‘அமி’ இருக்கிறது. ஆகா, பெடியன்தான் என்று நினைத்தேன். பிறகு மேலே தள்ளிப் பார்த்தால், போன மாதம் வகுப்புத் தோழி ஒருத்தியையும் ஈ இல்லாமல்தான் எழுதியிருக்கிறாள். அந்தப் பிள்ளையை எனக்கு நேரில் தெரியும், இரண்டு பின்னல், பெண்ணேதான். பாதிச் சொல்லுக்கு வால் இல்லாமல்தான் எழுதுகிறாள், மேல்குறி ஒன்றும் போடுவதில்லை. அந்தக் கைபேசியைச் சாட்சியாக எடுக்க முடியாது.

ஐயா, உடம்படுமெய் உதாரணம் மனதில் பதிந்துவிட்டது. நன்றி.

நேர்மையான் (புதன், காலை)

இதுக்குத்தான் தமிழ் வேணும்கிறது. வந்தான் என்றால் ஆண், வந்தாள் என்றால் பெண். வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ஒளிக்க இடமே இல்லை. நாகரிக மொழி என்று பேர், நண்பன் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை!

மூக்கொலி (புதன், மதியம்)

நேர்மையான் சார், அவர்களுக்கும் தெரியும், காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இந்தச் சொல்லில் எவ்வளவு ஒளிகிறது என்று வகுப்பில் ஒருநாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல். அமி, அமி. இரண்டும் ஒன்று. பன்மை? ‘மெஸாமி’, அதுவும் ஒன்று. ‘இந்த நண்பர்’ என்று சொல்லிப் பார்ப்போம். ஆணுக்கு ‘செத்’, பெண்ணுக்கும் ‘செத்’, எழுத்து மட்டும் வேறு. ‘அன்பு நண்பரே’ என்று கடிதம் தொடங்கினால் ‘ஷேர் அமி’, இரண்டுக்கும் ஒரே ஒலி. ‘என் முன்னாள் நண்பர்’ என்றால் ‘மொன் ஆன்சியென் அமி’, அப்போதும் ஒன்றே. பெயரடை வந்தால் பால் வெளிப்படும் என்று புத்தகத்தில் இருக்கும். நல்ல என்பதற்கு ஆண்பால் ‘பொன்’, ன் மூக்கோடு நின்றுவிடும், பெண்பால் ‘பொன்ன்’, நாக்கு மேலே தொடும். ஆனால் பின்னால் அமி வந்ததும் ஆண்பாலின் மூக்கொலியும் அவிழ்ந்து அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டும் ‘பொன்னமி’ ஆகிவிடும். வயதான, புதிய, அழகான என்ற மூன்றுக்கும் உயிரெழுத்துக்கு முன்னால் மட்டும் வரும் தனி ஆண்பால் வடிவம் உண்டு. அந்த வடிவம் காதுக்கு அச்சு அசலாகப் பெண்பால் மாதிரியே இருக்கும்!

அப்படியானால் சாட்சி யார்? முன்னால் நிற்கும் சின்னச் சொல்தான். ‘ஒரு’ என்பதற்கு ஆண்பால் ‘அன்’, பெண்பால் ‘யுன்’. ‘அன்னமி’ என்றால் ஆண், ‘யுன்னமி’ என்றால் பெண். இந்த ஒரு இடத்தில் தப்பிக்க முடியாது. இன்னொன்று, ‘மொன்’னுக்கும் அமிக்கும் நடுவில் மெய்யெழுத்தில் தொடங்கும் பெயரடை வந்தால் ‘மா’ திரும்பிவிடும். என் உயிர்த்தோழன் ‘மொன் மெய்யேர் அமி’, உயிர்த்தோழி ‘மா மெய்யேர் அமி’. காரணம் எளிது, இப்போது ‘மா’வை அடுத்து நிற்பது உயிர் இல்லை, ம்.

வெள்ளாவி (புதன், மதியம்)

‘இந்த நண்பர்’ செத்தமியா? எங்கள் ஊரில் அப்படிக் கூப்பிட்டால் அப்புறம் நட்பு இருக்காது.

லியோன்_மெஸ் (புதன், மாலை)

அக்கா, அப்போ “தா மெய்யேர் அமியா, தொன் மெய்யேர் அமியா” என்று கேட்டுப் பாருங்க (‘உன்’ என்பதற்குத் தா, தொன்). மாட்டிக்குவா.

லியேஜ்_வாஃபிள் (புதன், இரவு)

பெல்ஜியத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இங்கே பலர் அந்த ஊமை ஈயைச் சும்மா விடுவதில்லை. அது இருக்கும் இடத்தில் உயிர் நீளும். ஆண் அமி, பெண் அமீ. குறில், நெடில். லியேஜ் பக்கத்து வயதானவர்கள் சொன்னால் கடைசியில் ஒரு ‘ய்’ கூடக் கேட்கும், ‘அமீய்’. சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதியிலும் பலரிடம் இந்த நீட்டல் உண்டு.

என்னோடு வேலை செய்யும் பாரிஸ்காரர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. எனக்கு வந்த முதல் வாரமே கேட்டுவிட்டது. சின்ன வயதில் மாத்திரைக் கணக்கு ஒப்பித்ததற்கு ஐரோப்பாவில் கிடைத்த ஒரே பலன்.

சொதிக்கரண்டி (புதன், இரவு)

தம்பி லியோன், நீங்கள் சொன்ன மாதிரிக் கேட்டேன். தோசை சுட்டுக்கொண்டே, கல்லைப் பார்த்தபடி, ஒன்றும் தெரியாத மாதிரி. “கமீய்தானா தா மெய்யேர் அமி?”

“பாஸான்கோர்” என்றாள். ‘இன்னும் இல்லை’. தோசையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கமீய் என்ற பெயரை வைத்தாவது சொல்ல முடியுமா?

மூக்கொலி (புதன், இரவு)

முடியாது! சிற்பி கமீய் க்ளோதெல் பெண். இசையமைப்பாளர் கமீய் சேன்-சான்ஸ் ஆண், ஓவியர் கமீய் பிசாரோவும் ஆண். ஒரே எழுத்து, ஒரே ஒலி. க்ளோத், தொமினிக் எல்லாம் இதே வகை. இன்றைய பிள்ளைகளில் கமீய் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

ரயில்பயணி (வியாழன், காலை)

நானும் ஒரு பெண்ணுக்கு அம்மா. ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. பிள்ளை சொல்ல விரும்பாததைத் தோண்டுவது எதற்கு? ஒரு பெடியன் வந்து சோறு தின்றுவிட்டுப் போனால் என்ன ஆகிவிடும் என்று அவள் சோதிக்கிறாளோ என்னவோ.

சொதிக்கரண்டி (வியாழன், காலை)

தப்பாக எடுக்கவில்லை. அதுவும் யோசித்தேன். ‘பெடியனா’ என்று நான் கேட்ட முதல் கேள்வியின் குரல் அவ்வளவு நல்லதாக இருந்திருக்காது. அந்தக் குரலுக்குத்தான் இவ்வளவும் என்று இப்போது படுகிறது. ஆனால் இலக்கணத்தை மட்டும் விடமாட்டேன்.

லியோன்_மெஸ் (வியாழன், மதியம்)

அக்கா, ஒரு வகையில் அவ ‘அமி’ என்று சொன்னதே நிம்மதி. ‘மொன் கொப்பேன்’ என்று சொல்லியிருந்தால்தான் கதை வேற. நான் இங்கே வந்த புதிதில் என் அறைத்தோழனை எல்லோரிடமும் ‘மொன் கொப்பேன்’ என்று அறிமுகம் செய்தேன். கொப்பேன் என்றால் நண்பன், அகராதியில் அப்படித்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண அழைப்பு வந்தது. உறையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்த்து, தங்குவதற்கு இரட்டைக் கட்டில் அறை ஒன்று. யாரும் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை, அன்பாகத்தான் இருந்தார்கள். அவன் மட்டும் இன்னும் என்னைக் கிண்டல் பண்ணுகிறான்.

‘அன் கொப்பேன்’ என்றால் ஒரு நண்பன். ‘மொன் கொப்பேன்’ என்றால் காதலன். பெண்ணுக்கு யுன் கொப்பீன், மா கொப்பீன், இதே கணக்கு. வெறும் நண்பன்தான் என்று அழுத்திச் சொல்ல ‘அன்னமி ஆ முவா’ என்பார்கள், ‘எனக்கு இருக்கிற ஒரு நண்பன்’ என்கிற மாதிரி.

மூக்கொலி (வியாழன், மாலை)

கொப்பேன் பற்றிப் பேச்சு வந்ததால். இது அப்பத்தில் பிறந்த சொல். லத்தீனில் ‘கும்’ என்றால் கூட, ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்பவன். பழைய பிரெஞ்சில் இந்தச் சொல் எழுவாயாக வந்தால் ஒரு வடிவம், மற்ற வேற்றுமைகளில் இன்னொரு வடிவம். எழுவாய் வடிவம் தேய்ந்து கொப்பேன் ஆனது, மற்றது ‘கொம்பாஞொன்’ என்று துணைவனாக நிற்கிறது. ஒரே ஆளுக்கு இருந்த இரண்டு சட்டை, பிறகு இரண்டு ஆளாகிவிட்டது.

பெண்பால் கொப்பீன் மிகவும் பிற்காலத்தது, வடிவமும் கொஞ்சம் கோணல். எழுத்தைப் பார்த்தால் ‘கொப்பேன்ன்’ என்று வந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்பாலின் கடைசி மூக்கொலி, அண்டைவீட்டுக்காரன் ‘வுவாஸேன்’ என்ற சொல்லின் மூக்கொலியேதான். அவன் மனைவி ‘வுவாஸீன்’ என்றால் இவள் கொப்பீன் என்று பேசுகிறவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எழுத்துப் பார்த்து உண்டான சொல் இல்லை, காதால் உண்டானது. அதனால்தான் இந்த ஜோடியில் ஒளிக்க முடியாது, கேட்ட உடனே ஆண் பெண் தெரியும்.

லியேஜ்_வாஃபிள் (வியாழன், மாலை)

பாலே காட்டாத சொல்லும் உண்டே. ‘கமராத்’ ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது, ஒரே அறையில் தங்கிய சிப்பாய்கள். வகுப்புத் தோழன், தோழி இருவருக்கும் ஒரே எழுத்து. அப்புறம் ‘பொத்’. அது ‘பொத்தோ’ என்ற சொல்லின் சுருக்கம், அதற்குக் கம்பம் என்று பொருள், சாய்ந்து நிற்கலாம் என்று. 1980-களில் எஸ்ஓஎஸ் ராசிஸ்ம் என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கத்தின் மஞ்சள் கை வில்லையில் இருந்த வாசகம் ‘என் பொத் மேல் கை வைக்காதே’. இப்போது பெண்ணையும் ‘யுன் பொத்’ என்கிறார்கள்.

ஈழத்தில் கூட்டாளி என்று சொல்வோமே, அதுதான் எனக்குப் பொத். ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி.

மேப்பிள்பாகு (வியாழன், இரவு)

மொந்ரியாலில் இதெல்லாம் செல்லாது. இங்கே காதலன் ‘மொன் ச்சம்’, ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். 50 வயதுக்காரர் இருபது வருடம் கூட வாழ்ந்தாலும் ச்சம்தான். காதலி ‘மா ப்ளோந்த்’. ப்ளோந்த் என்றால் பொன்னிறக் கூந்தல்காரி, ஆனால் முடி கரியாக இருந்தாலும் அவள் ப்ளோந்த்தான். என் மனைவி யாழ்ப்பாணம். எண்ணெய் வைத்துப் பின்னிய இடுப்பளவு முடி. வேலையிடத்தில் “உங்கள் ப்ளோந்த் சுகமா?” என்று கேட்கிறார்கள்.

ஓசைப்புள்ளி (வெள்ளி, காலை)

பிரான்ஸில் நடந்த பெரிய சண்டையை ஒருவரும் தொடவில்லையே. நூறு தோழிகள் நடுவில் ஒரே ஒரு ஆண் நின்றாலும் பன்மை ஆண்பால்தான், ஊமை ஈ கிடையாது. ‘ஆண்பால் பெண்பாலை வெல்லும்’ என்றே பள்ளியில் ஒப்பிக்க வைத்தார்கள். இதைச் சரிக்கட்டத்தான் நடுப்புள்ளி வைத்து, அமி, புள்ளி, ஈ, புள்ளி, பன்மை எழுத்து என்று எழுதும் முறை பரவியது. 2017 அக்டோபரில் மொழிக்குக் காவலாக இருக்கும் பிரெஞ்சு அகாதெமி இதை மொழிக்கு ‘உயிராபத்து’ என்றது. அடுத்த மாதமே பிரதமர் எதுவார் ஃபிலீப் அரசிதழில் வரும் ஆவணங்களில் இப்படி எழுத வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டார். 2021-இல் பள்ளிகளுக்கும் ஒன்று வந்தது.

புள்ளி வைத்ததை வாய்விட்டுப் படிக்க முடியாது என்பது எதிர்ப்பவர்கள் சொல்லும் முக்கியமான குறை. மற்ற சொற்களுக்கு அது நியாயம். ஆனால் ‘அன்பு நண்பர்களே’ மட்டும் விலக்கு. புள்ளி வைத்தாலும், வைக்காவிட்டாலும், ஆண் கூட்டமானாலும் பெண் கூட்டமானாலும் வாயில் வருவது ஒரே ‘ஷேர்ஸாமி’. மேடையேறும் அரசியல்வாதிக்கு இதைவிட வசதி உண்டா? கொப்பேன் என்றால் கொப்பீனையும் தனியாகக் கூப்பிட வேண்டும், இரண்டு மூச்சு செலவு.

நேர்மையான் (வெள்ளி, மதியம்)

நண்பர்களே என்று ஒரே வார்த்தை. முடிஞ்சுது. சொன்னேனே, தமிழ் தமிழ்தான்.

சொதிக்கரண்டி (வெள்ளி, இரவு)

கடைசி முயற்சி, இது சமையலுக்காகவும்தான். நாளைக்கு இறைச்சி வைக்கலாமா என்று தெரியவேண்டும் அல்லவா? மரக்கறிக்காரர் ஆண் என்றால் ‘வெஷெத்தாரியேன்’, மூக்கோடு நிற்கும். பெண் என்றால் ‘வெஷெத்தாரியென்ன்’, நாக்கில் முடியும். ஐயா சொன்ன பொன் விஷயம்தான், பின்னால் அமி இல்லாததால் ஒட்டவும் வழியில்லை. “கமீய் வெஷெத்தாரி...” என்று இழுத்துவிட்டு நிறுத்தினேன், அவளே முடிக்கட்டும் என்று.

“கமீய் எல்லாம் சாப்பிடும்” என்றாள். தமிழில்! அவளுடைய தமிழில் ஆள், மாடு, கார் எல்லாம் ‘சாப்பிடும், போகும், வரும்’தான். அதை இவ்வளவு நாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பத்து நிமிடம் கமீய் பற்றி அவளாகவே பிரெஞ்சில் கதைத்தாள். உன்னிப்பாகக் கேட்டேன். ‘இல்’ (அவன்) வரவில்லை, ‘எல்’லும் (அவள்) வரவில்லை. “கமீயும் சா மேரும் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள்” என்றாள். ‘சா’ வந்ததே, பெண்தான் என்று ஒரு கணம் துள்ளினேன்.

மூக்கொலி (வெள்ளி, இரவு)

துள்ளியது வீண் அம்மா. ‘சா’ அங்கே தாயைப் பார்த்து வந்தது, கமீயைப் பார்த்து இல்லை. அவனுடைய அம்மாவும் ‘சா மேர்’, அவளுடைய அம்மாவும் ‘சா மேர்’. உடைமைச் சொல் உடைமையோடு போகும், உடையவரோடு போகாது. ‘நான் அவரிடம் சொன்னேன்’ என்பதில் வரும் ‘லுயி’யும் அப்படியே, அவனிடம், அவளிடம் இரண்டும் அதுதான். ‘நாங்கள் சினிமாவுக்குப் போனோம்’ என்றால் ‘ஒன்’, அது யாரையும் காட்டாது.

பத்து நிமிடம் இப்படிப் பேசுவது எனக்கே கஷ்டம். என் மாணவி என்றால் இருபதுக்கு இருபது போட்டிருப்பேன்.

சொதிக்கரண்டி (ஞாயிறு, காலை)

கமீய் நேற்று வந்தாச்சு. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்ததைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. போகும்போது இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து விடைபெற்றது, இங்கே அது எல்லாருக்கும் வழக்கம்.

மகள் இந்த இழையைப் பார்த்துவிட்டாள். ‘என்னைப் பற்றி எழுதலாம், என் அமியைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதாதீர்கள்’ என்றாள். நியாயம்தானே. சரி என்று சொல்லிவிட்டேன்.

நேர்மையான் (ஞாயிறு, காலை)

ஐந்து நாளாகக் காத்திருக்கோம் அம்மா. ஒரே ஒரு வார்த்தை. வந்தானா, வந்தாளா?

சொதிக்கரண்டி (ஞாயிறு, மதியம்)

வந்தார். பதினொரு இடியப்பம் சாப்பிட்டார். சொதி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.